கால் பார்க்கும் மேஸ்திரி

"வரிசையா நில்லுங்க. காலைக் காட்டுங்க."

நான் இப்படிச் சொன்னதும் ரோட்டோரத்தில் சத்தம் நின்றுவிட்டது. கடப்பாறை பிடித்தவர்கள் அதைப் பிடித்தபடியே நின்றார்கள். கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெயில் அப்போதே முதுகில் சுள்ளென்று ஏறியிருந்தது.

காவேரியக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எதுக்குங்க மேஸ்திரி? மெட்டி வாங்கிப் போடப் போறீங்களா? அளவு எடுக்கறீங்களா?"

மொத்தக் கும்பலும் சிரித்தது.

"எனக்கெல்லாம் போட்டுத் தேஞ்சே போச்சுங்க. இந்தா, இவளுக்குப் பாருங்க. இன்னும் வெறுங்காலு" என்று பக்கத்தில் இருந்த பெண்ணை இடித்தார். அந்தப் பெண் இரண்டு காலையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டது.

நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு குனிந்தேன். வரிசையில் முதலில் நின்ற பெரியவர் "ஐயோ, காலைத் தொடாதீங்க, எனக்குப் பாவம் வந்து சேரும்" என்று பின்வாங்கினார். நான் முன்னால் போக, அவர் பின்னால் போக, இரண்டு பேரும் கடைசியில் மண் தோண்டிய பள்ளத்தில் இறங்கி நின்றோம்.

தருமபுரிப் பக்கம் ஏரியூருக்கு மேற்கே, ஒரு மண் ரோட்டின் ஓரத்தில், பட்டாளத்தில் கற்ற கல்வியை ஊருக்கு எடுத்துச் சொல்ல நான் செய்த ஒரு முயற்சி இப்படி முடிந்தது.

மழை பெய்யாததால் கிடைத்த வேலை

அந்த வருஷம் மழை இல்லை. முந்தைய வருஷமும் இல்லை. அதனால் வேலை இருந்தது.

வானம் பொய்த்தால் சர்க்கார் ரோடு போடும். கேழ்வரகு கருகிப்போன குடும்பமெல்லாம் கூடையையும் களைக்கொத்தையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடும். கூலியில் ஒரு பங்கைக் கோதுமையாகக் கொடுத்தார்கள். கோதுமையை என்ன செய்வதென்று அப்போது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. இடித்துக் களி கிண்டினார்கள். அது களியும் இல்லாமல் பசையும் இல்லாமல் வாயின் மேற்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். விரலை விட்டு எடுக்க வேண்டும். ஆனாலும் பானை காலியாகத்தான் வீடு திரும்பும்.

நான் பட்டாளத்திலிருந்து வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பட்டாளத்தில் சேரும் முன்பு பெங்களூரில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன், லாரியில் கிளீனராக இருந்தேன், ஒரு வருஷம் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு ஊர் ஊராகத் திரிய யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மேஸ்திரி வேலை கிடைத்ததற்கு என் காக்கிக் கால்சட்டைதான் காரணம். வேலை கேட்டு நின்றவர்களில் ஓவர்சியர் என்னை மட்டும் மேலும் கீழும் பார்த்தார்.

"மிலிட்டரியா?"

"ஆமாங்க சார்."

"அப்ப நீ மண்ணு வெட்ட வேணாம். இவங்கள வெட்ட வெய்யி."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

துப்பாக்கி எங்கே?

நான் பட்டாளக் கதை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வாசகர் விடாமல் கேட்கிறார்: "இத்தனை வாரம் ஆயிற்று, ஒரு குண்டு கூட வெடிக்கவில்லையே?"

வெடித்தது ஐயா, நிறைய வெடித்தது. எல்லாம் பாறைக்கு வைத்த வெடி. எங்களுடையது மலையில் ரோடு போடும் பட்டாளம். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு ஆள் எடுத்தபோது சேர்ந்தவன் நான். வடக்கே பனி மலையில், மூச்சு விட்டால் மீசையில் உறையும் இடத்தில், பாறையைப் பிளந்து லாரி போக வழி செய்தோம். எதிரியை நான் பார்த்ததே இல்லை. ஹவில்தார் இன்னாசியைத்தான் தினமும் பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னாசி கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். எங்கள் பிரிவுக்குத் தலைவர். நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தினமும் வேலை முடிந்ததும் கையில் அரிக்கன் விளக்கோடு கூடாரத்துக்குள் வருவார். பூட்ஸைக் கழற்று, காலுறையைக் கழற்று, காலை நீட்டு. ஒவ்வொருவன் முன்னாலும் மண்டி போட்டு, விரல் விரலாக விலக்கிப் பார்ப்பார். பனியில் விரல் கறுத்தால் வெட்டி எடுக்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்லாமல் மறைப்பவர்கள்தான் அதிகம்.

"ஏலே தருமபுரி, இது காலா, கருவாடா? கழுவி எத்தனை நாளாச்சு?"

"காலையிலதான் சார்."

"எந்த மாசத்துக் காலையில?"

இப்படித் திட்டிக்கொண்டே, கடுகெண்ணெயைத் தன் உள்ளங்கையில் ஊற்றி என் காலில் தேய்ப்பார். வீட்டில் கூட யாரும் என் காலை அப்படிப் பிடித்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருக்கும். காலை இழுத்தால் கணுக்காலில் ஒரு அடி விழும்.

ஒருநாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன். "மூஞ்சியப் பாத்தா தெரியாதுங்களா சார், ஒருத்தனுக்கு ஒடம்பு சரியில்லன்னு?"

"மூஞ்சியா? உன் மூஞ்சி தெனமும் 'நல்லாருக்கேன் சார்'னுதான் சொல்லுது. வேலை வாங்குறவன்கிட்ட எவன் மூஞ்சி உண்மை சொல்லும்லே? காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது."

இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். கால் கெட்டவனை அவர் சும்மா உட்கார விடமாட்டார், உடனே கீழே அனுப்பவும் மாட்டார். சமையல் கூடாரத்தில் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார வைப்பார். அதுவும் முடியாதவனை உரிக்கிறவன் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ கதை சொல்லு, அவன் தூங்காம இருப்பான்" என்பார். ஆளை அனுப்புவது சுலபம், உட்கார வைக்க இடம் கண்டுபிடிப்பதுதான் தலைவன் வேலை என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நானே ஒரு வாரம் உருளைக்கிழங்கு உரித்துத் தெரிந்துகொண்டேன்.

விசிலும் கோழியும்

பட்டாளத்தில் கற்றதையெல்லாம் ஊரில் விதைத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாள் ஆட்களை ஒன்று சேர்க்க விசில் ஊதினேன். பஸ் கிளம்புகிறதென்று இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களைத் திருப்பிக் கூட்டி வருவதற்குள் நேரமாகிவிட்டது.

ஈரக் காலுறையை வயிற்றில் வைத்துக் காய வைப்பது எப்படி என்று சொல்லித் தந்திருப்பேன். அந்தக் கும்பலில் யாருக்கும் செருப்பே இல்லை.

மிச்சம் இருந்தது கால் பார்ப்பது ஒன்றுதான். அதையும் விடாமல் செய்தேன். காலையில் வேலை தொடங்கும் முன், தொடாமல், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பேன். முள் ஏறியிருந்தால் எடுக்கச் சொல்வேன். வெடிப்பில் சீழ் இருந்தால் மஞ்சள் வைக்கச் சொல்வேன்.

நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று ஊரே ஆராய்ச்சி செய்தது. அந்த வாரம் பக்கத்து ஊர்க் கவுண்டர் வீட்டில் ஒரு சேவல் காணாமல் போயிருந்தது. கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் கால் தடம் இருந்ததாம். பட்டாளத்துக்காரன் தடத்தோடு காலை ஒத்துப் பார்க்கிறான், அவனுக்கு அந்த வித்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேச்சுப் பரவியது. மறுநாள் காலை சேவல் கூண்டில் இருந்தது. வாலில் மட்டும் கொஞ்சம் இறகு குறைவு.

கவுண்டர் எனக்கு மோர் கொடுத்தனுப்பினார். நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

தண்ணீர் மாதையன்

என் கண்ணில் படாத கால் ஒன்றே ஒன்றுதான். மாதையனுடையது.

என் வயசுதான் அவனுக்கும். இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆடுகளை முந்தைய வருஷமே விற்றுத் தின்றாகிவிட்டது. பாறை தூக்குவதில் அந்தக் கும்பலில் அவனுக்கு ஈடு இல்லை. ஆனால் சில நாட்களாக, நான் வரிசையைக் கூப்பிடும்போதெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடுவான்.

"எல்லாருக்கும் தண்ணி வேணுமில்லீங்க மேஸ்திரி. நான் போயாறேன்."

எவ்வளவு நல்ல மனசு என்று பெண்கள் புகழ்ந்தார்கள். தண்ணீர் மாதையன் என்று பெயரே வைத்தார்கள். காவேரியக்கா மட்டும், "இவன் வூட்டுல பொண்டாட்டிக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுத்தவனில்ல. இங்க என்ன திடீர்னு?" என்றார்.

ஒருநாள் அவன் பின்னாலேயே போனேன். அது படி இறங்கித் தண்ணீர் மோக்கும் கிணறு. அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. கடைசிப் படியில் மாதையன் உட்கார்ந்திருந்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீரில் விட்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன. கோயிலில் கூட அப்படி ஒரு நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை.

"மாதையா."

திடுக்கிட்டுக் காலை இழுத்தான். கணுக்காலுக்கு மேலே கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போல ஒன்று வெளியே தொங்கியது.

நரம்புச் சிலந்திப் புழு.

எனக்கு அது பழைய சிநேகிதம். சின்ன வயசில் என் காலிலும் வந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வேப்பிலையால் அடித்தார்கள். பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் டாக்டர் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, தரையில் கோடு போட்டு விளக்கினார். புழு வெளியே வரும்போது கால் நெருப்பாய் எரியும். தண்ணீரில் வைத்தால் சுகம். ஆனால் அந்த நேரத்தில் அது தண்ணீரில் குஞ்சு விடும். அதைக் குடிக்கிறவன் காலில் அடுத்த வருஷம் புழு வரும். செய்வினை வைத்தது எங்கள் ஊர்க் கிணறுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இந்தத் தண்ணியத்தானே மாதையா எல்லாரும் குடிக்கறோம்?" என்றேன்.

"நானுந்தாங்க குடிக்கறேன்" என்றான்.

புழு வருகிற கதையைச் சொன்னேன். முழுசாக நம்பவில்லை. ஆனால் காலை மட்டும் படிக்கு மேலே எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு குரல் இறங்கிப் போயிற்று.

"ஓவர்சியர்கிட்ட சொல்லிடாதீங்க மேஸ்திரி. போன வருசம் எங்க மச்சானுக்கு இதேதான் வந்துச்சு. நொண்டறவனுக்கு இங்க என்ன வேலைன்னு பேர அடிச்சிட்டாங்க. எம் பேர அடிச்சா வூட்டுல அடுப்பு எரியாதுங்க."

புழு முழுசாக வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து கால் வீங்கிவிடும். அதுவரை அவனால் பாறை தூக்க முடியாது. தண்ணீர்ப் பக்கமும் விடக் கூடாது. உட்கார்ந்து செய்கிற வேலைதான் கொடுக்க வேண்டும்.

அதுவும் இருந்தது. ஜல்லி உடைப்பது.

"பேர அடிச்சிருங்க"

"என்னங்க சொல்றீங்க?" மாதையன் என்னைப் பார்த்த பார்வையில், புழுவே தேவலை என்றிருந்தது. "பொம்பளைங்களோட குந்திக்கிட்டு ஜல்லி ஒடைக்கறதா? நானா? அதுக்குப் பேர அடிச்சிருங்க."

எங்கள் கும்பலில் ஆண்கள் தோண்டுவார்கள், தூக்குவார்கள். உட்கார்ந்து கல் உடைப்பது பெண்கள் வேலை. யார் வகுத்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சற்று முன்பு பெயரை அடிக்காதே என்று கும்பிட்டவன், இப்போது பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்கிறான்.

ஹவில்தார் குரலில் உத்தரவு போட்டுப் பார்த்தேன். "மேஸ்திரி, தொண்டை கட்டிக்கும்" என்றான்.

வேறு வழி தெரியவில்லை. மறுநாள் காலை ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நானே பெண்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

பெண்கள் கல் சிதறாமல் இருக்கப் பழைய டயரில் வெட்டிய வளையத்தை அதன்மேல் போட்டுப் பிடித்துக்கொண்டு அடிப்பார்கள். பனிமலையில் யானை அளவு பாறையைப் பிளந்தவன் நான். இங்கே கைப்பிடிக் கல் ஒன்று என்னிடம் பிளக்க மறுத்தது. மூன்றாவது அடியில் கட்டைவிரல் நசுங்கியது.

"மெதுவாங்க மேஸ்திரி" என்றார் காவேரியக்கா. "அது கல்லு. சீனாக்காரனில்ல."

ஆண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் உடைத்த ஜல்லியில் ஒன்று நெல்லிக்காய் அளவு, ஒன்று தேங்காய் அளவு. அன்று முழுவதும் அந்தக் கும்பலில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

குடிதண்ணீருக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது, மேலிருந்து கயிறு கட்டி இறைக்க வேண்டும், துணியில் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும் என்றேன். காரணம் பொதுவாகச் சொன்னேன், யார் காலென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனைக் கிணற்றுக்குள்ளேயே தள்ளியிருப்பார்கள்.

"யாரு துணியிலங்க வடிகட்டறது? உங்க கால்சட்டையிலயா?" என்று ஒருவர் கேட்டார்.

காவேரியக்கா மறுநாள் தன் பழைய சேலையைத் துவைத்து, நான்காக மடித்துக் கொண்டுவந்து குடத்தின் வாயில் கட்டினார். கட்டி முடித்துவிட்டு மாதையனை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவரை எனக்குத் தெரிந்த காலத்தில் அப்படி நடந்தது அப்போது மட்டும்தான்.

நான் உட்கார்ந்த இரண்டாம் நாள் மத்தியானம், மாதையன் நொண்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். சுத்தியலை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"தள்ளுங்க. கண்ணுல பாக்க முடியல. நீங்க ஒடைச்ச ஜல்லியில ரோடு போட்டா மாட்டு வண்டி குட்டிக்கரணம் அடிக்கும்."

உட்கார்ந்தான். துணி சுற்றிய காலை மெல்ல முன்னால் நீட்டிக்கொண்டான். ஒரே அடி, கல் இரண்டானது. பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் எழுந்து போய்விடுவான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் இன்னொரு சுத்தியலை எடுத்துக்கொண்டேன். நான் எழுந்துவிட்டால் அவன் ஒருவன்தான் ஆண் என்றாகிவிடுமே.

ஓவர்சியர் வந்தார்

அப்படி உட்கார்ந்து சில நாள் ஓடியது. ஒரு காலையில் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றார். இந்தக் கும்பல்ல ஒருத்தன் சிலந்திக் காலோட இருக்கான்னு எனக்குச் சேதி வந்திருக்கு. எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

தோண்டிக்கொண்டிருந்தவர்களை நடந்து காட்டச் சொன்னார். எல்லாரும் நேராக நடந்தார்கள். ஒருவர் தேவைக்கு அதிகமாகவே நேராக நடந்தார். பிறகு ஓவர்சியர் எங்கள் பக்கம் திரும்பினார். மாதையன் காலுக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தான். சாக்குக்குக் கீழே, குச்சியில் சுற்றிய புழு பாதி வெளியே, பாதி உள்ளே.

"நீங்களும் எந்திரிங்க. நடங்க."

யாரும் எழவில்லை.

"காது கேக்கலயா?"

"கேக்குதுங்க சார்" என்றார் காவேரியக்கா. "காலுதான் மரத்துப் போச்சு."

"எல்லாருக்குமா?"

"விடிஞ்சதுல இருந்து குந்தியிருக்கமில்லீங்க. எல்லாருக்குந்தான்."

"எனக்கு ரெண்டு காலும்ங்க" என்றது இன்னொரு குரல்.

"எனக்கு இடுப்பு வரைக்கும்ங்க."

"நேத்தே மரத்தது சார், எனக்கு இன்னும் உசுரு வரல" என்றது மெட்டி போடாத பெண்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். "மிலிட்டரிக்காரா, நீ சொல்லு. உன் ஆளுங்கதானே? மொதல்ல நீ எந்திரி."

பட்டாளத்தில் ஒரு பழக்கம் உடம்பில் ஏறிவிடும். அதிகாரி குரல் கேட்டால் மூளைக்குத் தெரியும் முன்பே முழங்கால் நிமிரும். எனக்கும் நிமிரத்தான் பார்த்தது. நான் எழுந்தால் அடுத்தது மாதையன். அவன் சுத்தியலைப் பிடித்திருந்த கையை ஓரக்கண்ணால் பார்த்தேன். விரல் எலும்பெல்லாம் வெளுத்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் ஜல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் மரத்துப் போச்சு சார்" என்றேன்.

ஓவர்சியர் என்னையும் பார்த்தார், சாக்கையும் பார்த்தார். பிறகு மாதையன் குவியலைச் செருப்பு முனையால் கிளறினார். ஒரு கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாக் கல்லும் ஒரே அளவு.

"இதை ஒடைச்சது யாரு?"

"நானுங்க" என்றான் மாதையன்.

"ம்." கல்லைக் குவியலிலேயே போட்டார். சைக்கிளைத் திருப்பினார். ஏறும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அந்த ஆபீசர் ஜீப்ப விட்டு எறங்கற ஆளில்ல. நாளைக்கும் எல்லாருக்கும் காலு மரத்தே இருக்கட்டும்."

சைக்கிள் புளியமரத்தைத் தாண்டி வளைவில் மறையும் வரை யாரும் மூச்சு விடவில்லை. அப்புறம் ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், பள்ளத்தில் இருந்தவர்களெல்லாம் மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

மேஸ்திரி என்கிற கௌரவத்தோடு எழுந்து, போதும், வேலையைப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். எழுந்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே ஜல்லிக் குவியல் மேல் சரிந்தேன்.

"ஐயோ, நெசமாவே மரத்துப் போச்சா?" காவேரியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நாங்கெல்லாம் பொய்தானுங்க சொன்னோம்!"

மாதையன் சாக்கைத் தள்ளிவிட்டு, நல்ல காலை ஊன்றி எழுந்தான். கையை நீட்டினான்.

"புடிங்க. பழகணும்ங்க மேஸ்திரி. குந்திக்கிட்டு செய்யற வேலை எல்லாருக்கும் வந்துடாது."